முறிவுக்குத் தெற்கே

மலைக்கு மறுபடியும் ஒரு கம்பெனி வந்திருக்கிறது என்ற செய்தியைப் பாப்பாவுக்கு முதலில் சொன்னது அண்ணிதான். காய்கறிப் பையைச் சமையல் மேடையில் வைத்த கையோடு சொன்னாள்.

"பாப்பா, உன் வீட்டுக்காரருக்கு நல்ல காலம் பொறந்தாச்சு போல. துளை போடுற வண்டி ரெண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமா போச்சாம்."

வீட்டுக்காரர் என்று அண்ணி சொன்னது மலையை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனாரை அவள் கேலி செய்யும் விதம் அது. ஐம்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, படிக்கிற கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தும் ஒருத்தியை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை.

பாப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் போச்சாம்? ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன வண்டி பின்னாடியே ஓடினேனா?"

அது ஒரு தாழ்ந்த மலை. பஸ் திரும்பும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். பார்வைக்கு ஒன்றுமில்லை, கரும்பச்சைப் பாறை, முள்புதர், ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதை. ஆனால் அந்தப் பாறைக்குள் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் ஒரு நரம்பு மாதிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. ஒரு முழ அகலம், சில இடங்களில் இரண்டு முழம். நினைத்துப் பார்க்க முடியாத பழங்காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் பாறை வெடிப்புகள் வழியே மேலேறியது. ஏற ஏற ஆறியது. தான் கரைத்துச் சுமந்து வந்ததையெல்லாம் வழியிலேயே இறக்கி வைத்துவிட்டது. இறக்கி வைத்ததில் பெரும்பகுதி வெள்ளைக் கல். கொஞ்சம் தங்கம்.

அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியாது. மலைமுதுகில் அவர்கள் தோண்டிய குழிகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் ஊறும் ஆழம் வரைக்கும் போயிருக்கிறார்கள், அதற்கு மேல் முடியவில்லை. ரொம்பக் காலம் கழித்து ஒரு கம்பெனி வந்து பம்பு வைத்து நீரை இறைத்து, நரம்பின் கூடவே கிழக்கே சுரங்கம் வெட்டிக்கொண்டு போனது. ஓடையின் அடிக்குப் போனதும் தங்கம் நின்றுவிட்டது. மெலிந்து மெலிந்து முடியவில்லை. கத்தியால் நறுக்கினாற்போல் நின்றது. அவர்கள் எதிரே இருந்த வெறும் பாறையைக் கொஞ்ச நாள் குடைந்து பார்த்துவிட்டு மூட்டை கட்டினார்கள்.

நறுக்கியது ஒரு முறிவு. பூமியின் நெருக்கலில் பாறை உடைந்து, உடைந்த கோட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு நகர்ந்துவிடும். நொறுங்கிய அந்தக் கோட்டில் பிற்பாடு தண்ணீர் வழி பண்ணிக்கொள்ளும். ஓடை அங்கே ஓடுவதே அதனால்தான். ஆகவே ஓடைக்கு அப்பால் நரம்பின் மிச்சம் இருக்கத்தான் வேண்டும். வடக்கே நகர்ந்ததா, தெற்கே நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் கரையில் பாறையே கண்ணில் படாது. எல்லாம் கனத்த களிமண்.

பாப்பா படிப்பு முடித்து முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனி இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வந்த கம்பெனி. அவளோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவன் நெட்டையன். கதவு எதுவாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவான். பழைய சுரங்கத்துக்குள் போனால் தலைக்கவசம் கூரையில் இடித்துக்கொண்டே வரும், அவன் எங்கே இருக்கிறான் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். புதிய கல் கிடைத்தால் நாக்கால் நக்கிப் பார்ப்பான். எல்லா நிலவியல்காரர்களும் செய்வதுதான், ஈரமானால் கல்லின் நிறம் தெளியும். அவன் நக்கிவிட்டு அவளிடம் நீட்டுவான். முதல் தடவை அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பிறகு தேடவில்லை.

ஓடையின் இந்தப் பக்கக் கரையில் ஓர் இடத்தில் முறிவின் சுவர் வெளியே தெரியும். கண்ணாடி போல் வழவழத்த கல், அதில் நீளநீளமாகக் கீறல். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் உறுத்தும். வழுக்கும் திசையில்தான் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது என்பது கணக்கு. பாப்பா தடவிப் பார்த்தாள். வடக்கே வழுக்கியது. நெட்டையன் சுரங்கத்தின் கடைசிச் சில அடிகளைக் காட்டினான். அங்கே நரம்பு முறிவைத் தொடுவதற்கு முன்னால் மெதுவாகத் தெற்கே வளைந்திருந்தது, யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி. "இழுத்துக்கிட்டுப் போன பக்கம்தானே போயிருக்கணும்?" என்றான்.

அந்த வருஷம் முழுக்க இதே சண்டை. டீக்கடையில் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி நகர்த்தி நகர்த்தி வாதாடுவார்கள். துளை போடும் ரிக்கில் வேலை செய்தவர்கள் இருவருக்கும் வடக்கு மேடம், தெற்கு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவரையொருவர் நீங்க போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எந்த மாதத்தில் நீயும் வாவும் ஆனார்கள் என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது. வாதத்தின் நடுவே மரியாதை எங்கோ விழுந்துவிட்டது.

தங்கத்தின் விலை சரிந்தது. கம்பெனியின் தலைவர் நேரில் வந்தார். இன்னும் ஒரே ஒரு துளைதான் போட முடியும், எங்கே போடலாம் என்று கேட்டார். தகரக் கூரை போட்ட அலுவலக அறையில் வரைபடத்தை மேசை மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். பாப்பா பேசினாள். கீறல்களின் படங்களைக் காட்டினாள். நன்றாகப் பேசினாள், அது அவளுக்கே தெரிந்தது. பேசி முடித்துவிட்டு நெட்டையன் எழுந்து தன்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறான் என்று தயாராக நின்றாள்.

தலைவர் அவனைப் பார்த்தார். அவன் வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, "அவங்க சொல்ற இடத்துலயே போடலாம் சார்," என்றான்.

வடக்கே துளை போட்டார்கள். ரிக் பாறையை நீளநீள உருளைகளாக அறுத்து மேலே கொண்டுவரும், கோர் என்பார்கள். பெட்டி பெட்டியாகக் கோர் வந்தது. அத்தனையும் கரும்பச்சை. வெள்ளையாக ஒரு விரற்கடை கூட இல்லை. மாதக் கடைசியில் கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்தது.

நெட்டையனுக்கு வேறொரு தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. புறப்படுகிற அன்று அவளைப் பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொன்னான். பகல் வெயில். நிழற்குடையில் இருவரைத் தவிர யாருமில்லை.

"என்கூட வந்துடு. அங்க உனக்கும் வேலை இருக்கு. இல்லைன்னாலும் வா," என்றான்.

அவள் எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்த வார்த்தை. ஆனால் அவளுக்குள் வேறொன்று அடைத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மீட்டிங்குல நீ ஏன் வாயைத் திறக்கலை?"

"எந்த மீட்டிங்?"

"நடிக்காதே. வருஷம் பூரா தெற்கு தெற்குன்னு உயிரை வாங்கினே. சொல்ல வேண்டிய இடத்துல விட்டுக்குடுத்துட்டே. எனக்கு விட்டுக்குடுக்கறதுக்கு அது என்ன, ஜன்னலோர சீட்டா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். பஸ் வந்துவிட்டது. குனிந்து ஏறினான். அவள் கையை உயர்த்தக்கூட இல்லை.

அதன் பிறகு அவளுக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. அப்பா அம்மா காலம் முடிந்து அண்ணன் வீட்டின் மாடி அறை அவளுடையதாயிற்று. மேசையிலும் அலமாரியிலும் கல். "என் மரத்தட்டு வயித்துவலி வந்தவன் மாதிரி வளைஞ்சு நிக்குது பாரு," என்பாள் அண்ணி. பெண் பார்க்க வந்தவர்களைப் பாப்பா ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாள். காரணம் கேட்டால், பிடிக்கவில்லை என்பாள். ஒருவனுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. காத்திருக்கவில்லை என்றுதான் நினைத்தாள். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தாள். ஒரு நல்ல வாதத்தை அன்புக்காகப் போட்டு உடைத்துவிட்டானே என்ற கோபம். அந்தக் கோபத்தை எடுத்துத் தடவிப் பார்க்கும்போது ஒரு பக்கம் அது வழுக்கும், இன்னொரு பக்கம் உறுத்தும்.

ஒவ்வொரு வருஷமும் மாணவர்களை ஓடைக்குக் கூட்டிப் போவாள். இடையில் இன்னொரு கம்பெனி வந்து மேல்மண்ணை மட்டும் பை பையாக அள்ளிச் சோதித்துவிட்டுப் போனது. கனத்த களிமண்ணுக்கு மேலே நின்று தேடினால் என்ன கிடைக்கும்? அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு பெருமழை வருஷத்தில் ஓடைக்கரை சரிந்தது. முறிவின் வழவழத்த சுவர் ஓரிடத்தில் ஓடு கழன்றது போல் பெயர்ந்து, அடியில் இன்னொரு சுவர் தெரிந்தது. பழைய சுவர். அதிலும் கீறல்கள் இருந்தன. பாப்பா மண்ணைக் கழுவிவிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவினாள். தெற்கே வழுக்கியது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முறிவு ஒரு தடவை அசைந்ததல்ல. முதலில், பாறை இன்னும் சூடாக, வளைந்துகொடுக்கும் நிலையில் இருந்தபோது, கிழக்குப் பக்கம் தெற்கே வெகுதூரம் போயிருக்கிறது. சுரங்கத்துக்குள் நரம்பு தெற்கே வளைந்து நின்றது அப்போது. நெடுங்காலம் கழித்து, பாறை இறுகிய பிறகு, கொஞ்சமே கொஞ்சம் வடக்கே திரும்பி வந்திருக்கிறது. மேல்தோலில் கீறல் போட்டது அந்தக் கடைசி அசைவு. முறிவு கடைசியாக எழுதியதை மட்டும் அவள் படித்திருந்தாள். அவன் முதலில் நடந்ததைப் பார்த்திருந்தான்.

"பாத்தியா!" என்று திரும்பினாள்.

பின்னால் மாணவர்கள் பிஸ்கெட் தின்றுகொண்டு நின்றார்கள். "என்ன மேடம்?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணுமில்லை," என்றாள் பாப்பா. அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்கலாம். விலாசம் தேடினால் கிடைத்திருக்கும். தேடவில்லை. சொன்னால் சண்டை தீர்ந்துவிடும், தீர்ந்த பிறகு அவர்களுக்கு நடுவில் என்ன மிச்சமிருக்கும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இப்போது வந்திருக்கும் கம்பெனியின் மேனேஜர் சின்ன வயசுக்காரன், ஆனால் பழைய அறிக்கைகளையெல்லாம் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவன். கல்லூரிக்கே வந்து அவளைப் பார்த்தான்.

"மேடம், வடக்கே போட்ட துளை காலின்னு போட்டிருக்கு. நீங்க சொன்ன இடமாம். இப்ப என்ன சொல்றீங்க? இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் பார்க்கலாமா?"

"தெற்கே போடுங்க. நல்லா தள்ளி. களிமண்ணுக்கு அடியில சாய்வா இறக்குங்க," என்றாள். ஓடைக்குக் கூட்டிப் போய்ப் பழைய சுவரைக் காட்டினாள். அவன் தடவிப் பார்த்தான், தலையாட்டினான். எல்லாம் பேசி முடித்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இது என் யோசனை இல்லை. அப்ப என்கூட வேலை பார்த்த ஒருத்தர் சொன்னது," என்றாள்.

"அவர் இப்ப எங்கே மேடம்?"

"தெரியாது," என்றாள். சொன்னதும் காது சூடாகியது.

கோடை விடுமுறை. தினமும் காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு ரிக்கிற்குப் போய்விடுவாள். ஃபோர்மேன் வயிறு பெருத்த, வாய் ஓயாத ஆள். "மேடம், நீங்க இப்படி எதிர்லயே நின்னு முறைச்சுக்கிட்டிருந்தா ரிக்குக்குக் கூச்சமா இருக்காதா? நிழல்ல போய் உட்காருங்க. வர்றது வரும்," என்பான். களிமண்ணைத் தாண்டவே பல நாள் ஆயிற்று. அப்புறம் பாறை. கரும்பச்சை, கரும்பச்சை, கரும்பச்சை. அந்த வடக்குத் துளையின் பெட்டிகள் கண்முன் வந்து போயின. கோர் ஏறி வரும் ஒவ்வொரு குழாயையும் தட்டிக் காலி செய்யும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் கூப்பிட்டான். இந்தத் தடவை கேலி இல்லை.

"மேடம். இங்க வாங்க."

கோர் வெளுத்திருந்தது. முதலில் பாறையோடு கலந்த சாம்பல் நிறம், பிறகு சுத்தமான பால் வெள்ளை, நடுநடுவே ஊசி ஊசியாகக் கருஞ்சாம்பல் கனிமம். தங்கத்தோடு சேர்ந்தே திரியும் கனிமம் அது. பாப்பா மண்டியிட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்து லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒரு விரிசலின் ஓரத்தில் கடுகில் பாதியளவுக்கு மஞ்சள். கல்லைத் திருப்பினாள். மற்ற கனிமங்கள் திருப்பினால் மின்னி அணையும். இது அணையவில்லை. நிழலில் வைத்தாலும் அதே மஞ்சள். ஊசி முனையால் தொட்டாள், உடையாமல் குழிந்தது.

ஃபோர்மேன் மேனேஜருக்குப் போன் போட ஓடினான். ரிக் ஆட்கள் கூடிவிட்டார்கள், யாரோ கைதட்டினார்கள். பாப்பா எழுந்திருக்கவில்லை. சந்தோஷம் வந்தது, இல்லாமலில்லை. ஆனால் அதைவிட வேகமாக இன்னொன்று வந்தது. இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இந்தக் கூட்டத்தில் இல்லை. கூட்டத்தில் எல்லோருடைய தலையும் ஒரே உயரத்தில் இருந்தது.

பழைய கம்பெனியின் தலைவர் ஓய்வு பெற்று அதே நகரத்தில் இருந்தார். அவரிடம் நம்பர் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாடி அறையில் நின்றபடியே அழைத்தாள்.

"ஹலோ?" அதே குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது.

தன் பெயரைச் சொன்னாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"நல்லா இருக்கேன். நீங்க?"

"இருக்கேன். இங்க தண்ணிக்குக் கிணறு எங்க தோண்டலாம்னு பார்த்துக் குடுக்கறேன். தங்கத்தையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு. மனைவி ஸ்கூல்ல வேலை பார்க்கறாங்க. ரெண்டு பொண்ணுங்க."

"அப்படியா. நல்லது." அவள் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு விஷயம் சொல்லணும். தெற்கே துளை போட்டாங்க."

"எங்கே?"

"நம்ம மலையில. ஓடைக்கு அந்தப் பக்கம்."

அவன் குரல் மாறியது. "வெள்ளைக்கல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எவ்வளவு அகலம்?"

"ஒன்றரை முழம். கண்ணுக்குத் தெரியற தங்கம்."

"அடிப்பாவி!" என்றான். "ஏன், கீறல் வடக்கேதானே காட்டுச்சு? நான் அதைப் பத்தி எத்தனை தடவை யோசிச்சிருக்கேன் தெரியுமா? எப்படி வந்துச்சு? சொல்லு!"

அவள் சொன்னாள். கரை சரிந்ததையும், உள்ளே இருந்த சுவரையும், இரண்டு அசைவுகளையும். அவன் நடுநடுவே கேள்வி கேட்டான், ஒரு தடவை இல்லையென்று மறுத்தான், அவள் கோபப்பட்டாள், அவன் சிரித்தான். வீட்டுக்குள் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. இதோ வரேன் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, "அப்பா வீட்டை விக்கிற வேலையா அடுத்த மாசம் அங்க வரேன். அந்தக் கோரை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றான்.

"வா," என்றாள்.

அந்த மாதம் மெதுவாகப் போயிற்று. அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எப்படியென்று கேட்கவே வேண்டாம். "புதுசா ஒரு புடவை எடுத்துக்கோயேன்," என்றாள். "கோர் கொட்டகைக்கா அண்ணி? அங்க ஒரே சேறு," என்றாள் பாப்பா. போகிற அன்று இஸ்திரி போட்ட பருத்தி உடையில்தான் போனாள். வாசலில் அண்ணி அதைப் பார்த்தாள். குடையை எடுத்து நீட்டினாள்.

கொட்டகை நீளமானது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் பெட்டிகள் அடுக்கிய இரும்புச் சட்டங்கள், டீசல் வாசனை, ஈரக்கல் வாசனை. அவன் குனிந்து உள்ளே வந்தான். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது, தலையில் முடி குறைந்திருந்தது. ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்.

"உயரம் மட்டும் குறையலை," என்றாள்.

"மத்ததெல்லாம் குறைஞ்சாச்சு."

பெட்டியைத் திறந்து காட்டினாள். வெள்ளைக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினான், ஒரு குழந்தையின் காலைத் தூக்குவது போல. இருவரும் ஒரே லென்ஸில் பார்க்கக் குனிந்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றினான், அவள் கண்ணாடியைப் போட்டாள், அப்புறம் அவன் போட்டான், அவள் கழற்றினாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தரையில் சாக்பீஸால் முறிவைப் போட்டுச் சண்டை ஆரம்பமாயிற்று. முதல் அசைவு எவ்வளவு தூரம், அடுத்த துளை எங்கே, நரம்பு ஆழத்தில் தடிக்குமா மெலியுமா. மேனேஜர் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் போனான். ஃபோர்மேன் டீ கொண்டுவந்து வைத்தான், அது ஆறியது.

இதுதான், என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினோமோ அது இதுதான், இந்த ஒரு மணி நேரம். தோன்றிய அந்தக் கணத்திலேயே அது முடியப்போவதும் தெரிந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "இப்பவாவது நிஜத்தைச் சொல்லு. அன்னிக்கு மீட்டிங்குல எனக்காகத்தானே விட்டுக்குடுத்தே?"

அவன் புரியாமல் பார்த்தான். "விட்டுக்குடுத்தேனா?"

"தெற்குன்னு சொல்லாம சும்மா இருந்தியே."

"நீதான் அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டியே. அந்தப் படங்களை ஒண்ணொண்ணா வச்சு. நான் எதிர்த்துப் பேசணும்னுதான் வந்தேன். நீ பேசி முடிக்கிறப்ப என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. வளைவுக்கு வேற காரணம் இருக்கலாம்னு எனக்கே தோணிடுச்சு. நான் விட்டுக்குடுக்கலை. நம்பினேன்."

"நம்பினியா?"

"ஆமா. நீ சொன்னது சரின்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

கொட்டகைக்கு வெளியே ரிக் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. பாப்பா கல்லைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தாள்.

"அப்ப பஸ் ஸ்டாப்புல ஏன் சொல்லலை?"

"நான் என்கூட வான்னு கேட்டேன். நீ மீட்டிங்கைப் பத்திப் பேசினே. எனக்கு ஒண்ணுமே புரியலை. வரமாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு சாக்குன்னு எடுத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "சாக்குதானே?"

"இல்லை," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாக்பீஸ் தூள் படிந்த கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு வாடகைக் கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"என் பொண்ணுங்ககிட்ட இந்த மலையைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கேன்," என்றான் காரில் ஏறும்போது. "சண்டை போடறதுக்கு ஒரு ஆள் இருந்தாங்கன்னு சொல்லியிருக்கேன்."

கார் போன பிறகு பாப்பா ஓடைப் பக்கம் போகவில்லை. கொட்டகைக்குள் வந்து, தரையில் கிடந்த படத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

கம்பெனி தெற்கே மேலும் துளைகள் போட்டது. சிலவற்றில் நரம்பு கிடைத்தது, சிலவற்றில் மெலிந்து போயிருந்தது. தங்கம் இருக்கிறது, சுரங்கம் வெட்டுமளவுக்கு இருக்கிறதா என்று இன்னும் சொல்ல முடியாது, மழை முடிந்து மறுபடி பார்க்கலாம் என்றான் மேனேஜர். அவள் அடுத்த துளைகளுக்கான இடங்களைக் குறித்துக் கொடுத்தாள். கல்லூரி திறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் பாப்பா, அதான் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரே. மனசுல இருந்ததையும் கேட்டுட்டே. இனிமேலாவது நிம்மதியா இருக்கலாமில்ல?"

இத்தனை காலம் பாப்பா கோபித்துக்கொண்டதும் மனசுக்குள் வைத்துக் காப்பாற்றியதும் அன்புக்காக வாதத்தை விட்டுக்கொடுத்த ஒருவனை. அப்படி ஒருவன் இருக்கவே இல்லை. இருந்தவன் அவள் சொன்னதை நம்பி, அவளோடு சேர்ந்து தப்பான இடத்தில் துளை போட்டுத் தோற்றுப்போனவன். அவனை அவள் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

"பழசு முடிஞ்சுபோச்சு அண்ணி," என்றாள். "ஆனா இந்த ஆளை எனக்கு இப்பத்தான் தெரியும்."

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.